சுவரின் பொறுப்பாளர்: சான் பிரான்சிஸ்கோ பொதுக்கலையில் கூலியும் ஒப்பந்தமும்

அமெரிக்க நகரங்களின் பொதுக்கலை வரலாற்றை எழுதுவோர் பலர் மிவோன் க்வான் 2002இல் வெளியிட்ட நூலின் பாகுபாட்டை எடுத்தாள்கின்றனர். அவர் காட்டுவது மூன்று கட்டங்கள். முதலாவது, பொதுவிடத்தில் வைக்கப்பட்ட கலை. 1967இல் தேசியக் கலை நிதியம் தொடங்கிய திட்டத்தின் வழியே, பெயர்பெற்ற சிற்பிகளின் பெரிய அரூபச் சிற்பங்கள் நகரச் சதுக்கங்களில் நிறுத்தப்பட்டன. 1969இல் கிராண்ட் ராபிட்ஸில் எழுந்த அலெக்சாண்டர் கால்டரின் செந்நிறச் சிற்பம் இதற்கு முன்மாதிரி. இரண்டாவது, கலையே பொதுவிடமாக மாறிய கட்டம். 1974 முதல் நிதியத்தின் விதிகள் இடத்துக்குப் பொருந்தும் படைப்பைக் கேட்டன. போகப்போகக் கலைஞர்கள் கட்டடக் கலைஞர்களோடு சேர்ந்து இருக்கையும் நடைபாதையும் வடிவமைக்கலாயினர். மூன்றாவது, பொதுநலனுக்கான கலை. இது சமூகக் குழுக்களோடு கூடிச் செய்யும் படைப்புகளைக் குறிக்கும். 1993இல் சிகாகோவில் மேரி ஜேன் ஜேக்கப் பொறுப்பில் நடந்த 'கல்சர் இன் ஆக்‌ஷன்' இதன் பெரிய எடுத்துக்காட்டு.

இந்த நூலின் வலிமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 'சமூகம்' என்ற பெயரில் நிறுவனங்கள் தமக்கு வசதியான ஒரு மக்கள் கூட்டத்தைக் கற்பித்துக்கொள்வதை க்வான் அளவுக்குக் கூர்மையாக எவரும் காட்டவில்லை. சிகாகோத் திட்டத்தில் அவர் நான்கு வகைச் சமூகங்களைப் பிரித்துக் காட்டும் பகுதி, பொதுக்கலைக்குத் திட்டமிடும் எந்த நகராட்சியும் படிக்க வேண்டியது. தம் பாகுபாடு ஒரு வரைவு மட்டுமே என்றும் அவர் சொல்லியிருக்கிறார். மூன்றாம் கட்டத்துக்கு முன்னோடிகள் உண்டு என்பதையும் அவர் மறுக்கவில்லை.

ஆனாலும் வரைவு நிலைத்துவிட்டது, முன்னோடிகள் அடிக்குறிப்பாகிவிட்டார்கள். கதையை 1960களின் நடுவில் தொடங்குவதால், 1930களில் கூட்டாட்சி அரசு தபால் நிலையங்களுக்கும் பள்ளிகளுக்கும் தீட்டவைத்த ஆயிரக்கணக்கான ஓவியங்கள் கதைக்கு முந்தைய கதை ஆகிவிடுகின்றன. அதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு. க்வான் கட்டங்களைப் பிரிக்கும் அளவுகோல், படைப்புக்கும் இடத்துக்கும் உள்ள உறவு. பணம் எந்த வழியில் கலைஞரின் கைக்கு வந்தது, படைப்பு முடிந்தபின் சுவரைக் காக்கும் பொறுப்பு யாரிடம் போனது என்ற கேள்விகள் அந்த அளவுகோலில் சிக்குவதில்லை. சான் பிரான்சிஸ்கோவின் சான்றுகளை வைத்துப் பார்த்தால் இவ்விரண்டுமே வரலாற்றை நகர்த்தியவை என்பது என் வாதம்.

காய்ட் கோபுரத்திலிருந்து தொடங்குகிறேன். லில்லி ஹிட்ச்காக் காய்ட் நகரை அழகுபடுத்த விட்டுச்சென்ற சொத்தில் டெலிகிராஃப் குன்றின் மேல் எழுந்த கோபுரம் இது, 1933இல் கட்டி முடிக்கப்பட்டது. உட்சுவர்களுக்குப் பணம் வேறொரு வழியில் வந்தது. 1933 டிசம்பரில் கூட்டாட்சி அரசு தொடங்கிய பொதுக்கலைப் பணித் திட்டம், வேலையிழந்த ஓவியர்களுக்கு வாரக்கூலி கொடுத்தது. நாடு முழுவதும் சுமார் 3,700 பேர் அதில் கூலி பெற்றனர். இந்தக் கோபுரத்தில் மட்டும் சுமார் 25 பேர் வேலை செய்தனர். சுவரைச் சுற்றி அப்போது நான்கு தரப்புகள் நின்றன: காய்ட் அம்மையாரின் உயில், கூலி கொடுத்த வாஷிங்டன், 1932இல் அமைந்த நகரக் கலை ஆணையம், கட்டடத்தைக் கையில் வைத்திருந்த பூங்கா ஆணையம். பூங்கா ஆணையத்தின் தலைவராக இருந்தவர் வங்கியாளர் ஹெர்பர்ட் ஃபிளைஷாக்கர்.

இங்கே பெர்னார்ட் சாக்ஹைம் தீட்டிய 'நூலகம்' என்ற ஓவியத்தின் முன் சற்று நிற்க வேண்டும். அதில் வாசகர்கள் செய்தித்தாள்களை விரித்துப் பிடித்திருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் உடன் வேலை செய்த சிற்பி ரால்ஃப் ஸ்டாக்போல். அவர் கையிலுள்ள தாளின் தலைப்பு, ரிவேராவின் சுவரோவியம் அழிக்கப்பட்டதற்கு உள்ளூர் ஓவியர்கள் எதிர்ப்புத் தெரிவித்த செய்தியைச் சொல்கிறது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மையத்தில் டியேகோ ரிவேரா தீட்டிய சுவரோவியத்தைக் கட்டட உரிமையாளர்கள் 1934 பிப்ரவரியில் இடித்துத் தள்ளினார்கள். அந்தச் செய்தி வந்த சில வாரங்களில், பொதுப்பணத்தில் எழும் ஒரு சுவரில், அதையே கல்வெட்டுப் போலப் பொறித்து வைத்திருக்கிறார் சாக்ஹைம். இதைத் தோழமைக் குறிப்பு என்று பலர் கடந்து செல்கிறார்கள். அது அதற்கும் மேலானது. தனியார் பணம் கொடுத்தால் சுவரும் தனியாருடையது, நாங்கள் நிற்கும் சுவர் அப்படிப்பட்டதன்று என்ற உரிமைக்குரல் அந்த ஒரு வரியில் கேட்கிறது. பக்கத்தில் இன்னொருவர் ஒரு கையால் செய்தித்தாளைக் கசக்கிக்கொண்டே மறு கையால் மார்க்ஸின் 'மூலதன'த்தை அலமாரியிலிருந்து எடுக்கிறார். விக்டர் அர்னாட்டாஃபின் 'நகர வாழ்க்கை'யிலுள்ள பத்திரிகைக் கடையில் கம்யூனிஸ்ட் நாளிதழான 'டெய்லி வொர்க்கர்' தொங்குகிறது. நகரின் பெரிய நாளிதழான 'குரோனிக்கிள்' அங்கே இல்லை.

அந்த உரிமைக்குரல் கோடைக்குள் சோதிக்கப்பட்டது. துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் 1934 மே மாதத்தில் தொடங்கியது. ஜூலை 5 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். அந்நாட்களில் பூங்கா ஆணையம் கோபுரத்தைப் பூட்டி வைத்தது, ஓவியர்களின் சங்கத்தினர் வெளியே மறியல் செய்தனர். கிளிஃபர்ட் வைட் என்ற ஓவியர் சன்னல்களுக்கு மேலே மூன்று சின்னங்களைத் தீட்டியிருந்தார். அவற்றுள் ஒன்று அரிவாள் சுத்தியல். ஹர்ஸ்ட்டின் 'எக்ஸாமினர்' நாளிதழ் ஒரு படத்தை வெளியிட்டது. அதில் வைட்டின் அரிவாள் சுத்தியல், சாக்ஹைமின் 'நூலக'த்துக்கு மேலே நின்றது. சுவரில் இவ்விரண்டும் அப்படி ஒருசேர இருந்ததே இல்லை. இரண்டு படங்களை ஒட்டிச் செய்த கலவை அது. நகரத்து மக்கள் கோபுரத்துக்குள் கால்வைக்கும் முன்பே இந்தப் பாடத்தைத்தான் பார்த்தார்கள். ஏட்டுச்சுவடியில் இடைச்செருகல் மூலத்தையே முந்திக்கொள்வது போல, இல்லாத ஓவியம் இருந்த ஓவியங்களுக்கு உரை எழுதிவிட்டது.

அக்டோபரில் கோபுரம் திறந்தபோது வைட்டின் அரிவாள் சுத்தியல் சுவரில் இல்லை. என்று அழித்தார்கள் என்பதை ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையில் என்பதற்கு மேல் துல்லியமாகச் சொல்லத் துணிய மாட்டேன். ஆனால் அழிந்தது எது, அழியாதது எது என்பது தெளிவு. மார்க்ஸின் நூல் இருக்கிறது. 'டெய்லி வொர்க்கர்' இருக்கிறது. ரிவேரா பற்றிய செய்தித் தலைப்பும் இருக்கிறது. இடதுசாரிக் கருத்தே காரணம் என்ற வழக்கமான விளக்கம் இங்கே நிற்காது. கருத்து மட்டுமே குற்றமென்றால் மூன்றும் போயிருக்க வேண்டும்.

நேரடிச் சான்று குறைவாக இருக்கும் இந்த இடத்தில் என் விளக்கத்தை அழுத்தமாகவே வைக்கிறேன். மார்க்ஸின் நூலும் நாளிதழ்களும் ஒரு காட்சிக்குள் இருக்கின்றன. நூலகத்தில் ஒருவர் அதைப் படிக்கிறார், கடையில் ஒருவர் அதை விற்கிறார் என்று சொல்லித் தப்பிக்க இடமுண்டு. வைட்டின் சின்னத்துக்குக் காட்சி கிடையாது, அது சுவரே பேசுவது போல நின்றது. சன்னலுக்கு மேலே தனித்து இருந்ததால், பிற ஓவியங்களைக் காயப்படுத்தாமல் நீக்கவும் முடிந்தது. இதைவிட எடை கூடிய காரணம் ஒன்றுண்டு. கூலி கொடுத்த கூட்டாட்சித் திட்டம் 1934 நடுவிலேயே முடிந்துவிட்டது. கூலி கொடுத்தவர் கணக்கை மூடிவிட்டுப் போன பிறகு, சாவியை வைத்திருந்த பூங்கா ஆணையமே தீர்ப்புச் சொல்லும் இடத்தில் எஞ்சி நின்றது.

கூலித் திட்டத்தில் மேற்பார்வையே இல்லை என்று நான் சொல்லவில்லை. மண்டலக் குழுவுக்கு அருங்காட்சியக இயக்குநர் வால்டர் ஹெயில் தலைமை வகித்தார், ஓவிய வரைவுகளும் பார்வையிடப்பட்டன. ஆனால் அரசு வாங்கியது உழைப்பை. கடைசித் தவணையைக் கையில் பிடித்துக்கொண்டு 'இதை மாற்று' என்று சொல்லும் அதிகாரி அங்கே இல்லை. ஒப்பந்த முறையில் அப்படி ஒருவர் இருந்தார். கருவூலத் துறையின் ஓவிய, சிற்பப் பிரிவு 1934 அக்டோபரில் தொடங்கியது. அது போட்டி வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும், மொத்தத் தொகை பேசும், வரைவும் முழு அளவுப் படியும் ஒப்புதல் பெறப்பெறத் தவணை கொடுக்கும். சான் பிரான்சிஸ்கோவின் ரிங்கான் தபால் நிலையத்துக்கு 1941இல் அந்தப் பிரிவு நடத்திய போட்டியில் ஆன்டன் ரெஃப்ரெஜியர் வென்றார். 27 படங்கள், 26,000 டாலர். போர் குறுக்கிட்டது. அவர் சுவரைத் தொட்டது 1946இல். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பிரிவு கலைக்கப்பட்டிருந்தது. அவருக்கு முன் இப்போது நின்றவர்கள், அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். கூட்டாட்சிக் கட்டடங்களை நிர்வகித்த அதிகாரிகள்.

1948 வரை நடந்த அந்த வேலையில் அவர் பலமுறை மாற்றங்கள் செய்ய நேர்ந்தது. ரூஸ்வெல்ட்டின் உருவத்தை நீக்கச் சொன்னார்கள், நீக்கினார். கத்தோலிக்கர்கள் குறைசொன்ன பிறகு ஒரு துறவியின் பெருத்த வயிறு சுருங்கியது. 1934 வேலைநிறுத்தத்தைக் காட்டும் படத்தில் முன்னாள் படைவீரர் சங்கத் தொப்பி அணிந்த தொழிலாளி இருந்ததைச் சங்கம் எதிர்த்தது. 1953 மே மாதத்தில் இந்த ஓவியங்களை அகற்றக் கோரும் ஹூபர்ட் ஸ்கடரின் தீர்மானம் நாடாளுமன்றக் குழுவின் விசாரணைக்கு வந்தது. அது நிறைவேறவில்லை, ஓவியங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. காய்ட் கோபுரத்தில் ஒரு சின்னம் ஒரே முறையில் போனது. ரிங்கானில் ஒவ்வொரு ஒப்புதலிலும் ஏதோ ஒன்று உதிர்ந்தது. இரண்டையும் 'தணிக்கை' என்ற ஒரே பெட்டியில் போடுவதால் வரலாற்றில் நமக்குக் கிடைப்பது மிகக் குறைவு.

இந்தப் பின்னணியோடு க்வானின் 1967க்கு வருவோம். தேசியக் கலை நிதியம் சதுக்கச் சிற்பங்களுக்கான திட்டத்தைத் தொடங்கிய அதே 1967இல், சான் பிரான்சிஸ்கோ கலை ஆணையம் தன் குடியிருப்புப் பகுதிகளுக்கான கலைத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் நோக்கம் பகுதி மக்களுக்கு மேடையும் பொருளும் பயிற்சியும் கொடுப்பது. 1969இல் நகரம் பொதுக்கட்டடச் செலவில் 2 விழுக்காட்டைக் கலைக்கு ஒதுக்கும் சட்டத்தை இயற்றியது. 1959இல் பிலடெல்பியா தொடங்கிவைத்த விழுக்காட்டு முறையைச் சேர்ந்தது இது. க்வான் பத்தாண்டுகளுக்கு மேல் விலக்கி வைக்கும் முதல் கட்டமும் மூன்றாம் கட்டமும் இந்த நகரத்தில் ஒரே ஆணையத்தின் வரவுசெலவுக்குள் ஒன்றாக இருந்தன. ஒன்றுக்குப் பணம் கட்டடத்திலிருந்து வந்தது. மற்றொன்றுக்கு மனிதர்களைக் கணக்கிட்டு வந்தது.

மனிதர்களைக் கணக்கிட்டு வந்த பணம் 1970களின் நடுவில் திடீரெனப் பெருகியது. 1973 டிசம்பரில் கையெழுத்தான வேலைவாய்ப்பு, பயிற்சிச் சட்டம் வேலையில்லாதோருக்கு நகராட்சிகள் வழியே சம்பளம் கொடுக்க வகைசெய்தது. ஓவியரும் வேலையற்றோரே என்று அதைக் கலைக்குத் திருப்பியவர்களில் முதன்மையானவர் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த ஜான் கிரைட்லர். பார்வைக்குப் புதிதாகத் தோன்றினாலும் இது 1933இன் கூலி முறைதான் திரும்பி வந்தது. க்வானின் வரிசையில் இந்தத் திரும்புதலுக்கு இடமில்லை. அவர் நூலில் கட்டங்கள் முன்னே மட்டும் போகின்றன.

எனக்கு எதிராக நிற்கும் ஒரு சான்றையும் மறைக்காமல் வைக்க வேண்டும். 1974இல் மிஷன் பகுதியில் பேங்க் ஆஃப் அமெரிக்கா கிளைக்குள் ஹெசூஸ் காம்புசானோ, லூயிஸ் கோர்ட்டாசார், மைக்கேல் ரியோஸ் மூவரும் ஒரு நீண்ட சுவரோவியம் தீட்டினர். ரிவேராவிடம் உதவியாளராக இருந்த எம்மி லூ பேக்கார்ட் அவர்களுக்கு ஆலோசகர். பணம் வங்கியுடையது, சுவரும் வங்கியுடையது. அதற்குள் ஒரு திறந்த நூலின் பக்கத்தில், நிலத்தில் சிந்திய தொழிலாளர் வியர்வையும் இரத்தமும் பிறரைப் பணக்காரராக்கின என்ற பொருளில் சேசர் சாவேஸின் வாக்கு எழுதப்பட்டிருக்கிறது. ராக்ஃபெல்லர் மையத்தில் நடந்தது இங்கே நடக்கவில்லை. சாக்ஹைமின் செய்தித் தலைப்பு சொன்ன விதி, பணம் தனியாருடையதென்றால் சுவரும் குரலும் தனியாருடையதே என்ற விதி, இந்தக் கிளைக்குள் பொய்த்தது. மிஷன் மக்கள் அந்த வங்கியின் வாடிக்கையாளர்கள் என்பதும், அதே ஆண்டில் பகுதியின் மாதிரி நகரங்கள் திட்ட அலுவலகச் சுவரில் முஹேரெஸ் முராலிஸ்டாஸ் குழுவின் பெண்கள் 'லத்தீனோஅமெரிக்கா'வைத் தீட்டிக்கொண்டிருந்ததும் இதற்குக் காரணமாகலாம் என ஊகிக்கிறேன். ஊகம் என்பதற்கு மேல் இதை உயர்த்தமாட்டேன்.

கூலி கொடுத்தவர் மறைந்த பின் பொறுப்பாளரே தீர்ப்புச் சொல்வார் என்பதற்கு அண்மைச் சான்று, அர்னாட்டாஃப் 1936இல் கூட்டாட்சிக் கூலியில் ஜார்ஜ் வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் தீட்டிய 13 படங்கள். அடிமைகளையும் கொல்லப்பட்ட ஒரு பூர்வகுடி மனிதரையும் காட்டி, நாட்டின் தந்தையை விமர்சித்தவை அவை. அந்த உடல்களைக் கடந்து வகுப்புக்குச் செல்ல நேர்ந்த மாணவர்களின் வலி உண்மையானது; அர்னாட்டாஃபின் நோக்கம் அதற்குப் பதிலாகாது. 2019 ஜூனில் பள்ளிக் கல்வி வாரியம் பூசி அழிக்கத் தீர்மானித்தது. ஆகஸ்டில் மறைத்தால் போதும் என்று மாற்றிக்கொண்டது. 2021இல் நீதிமன்றம் அதையும் நிறுத்தியது. இவ்வளவு விவாதத்திலும் கூலி கொடுத்த கூட்டாட்சி அரசுக்கு ஒரு குரலும் இல்லை.

இதற்கு மாறாக இருப்பது மிஷனின் பால்மி சந்து. அங்கே ஓவியங்கள் இருப்பது வீடுகளின் பின்வேலிகளிலும் கார் கொட்டகைக் கதவுகளிலும். இடம் கொடுப்பவரும் பார்ப்பவரும் காப்பவரும் பெரும்பாலும் ஒரே குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். 1984இல் ரே பட்லான் முதலானோர் பிளாக்கா என்ற குழுவாக மத்திய அமெரிக்கப் போர்களைப் பற்றி அங்கே தீட்டிய படங்களையே வரலாறுகள் முன்னிறுத்துகின்றன. ஆனால் அதே சந்தில் மியா கலாவிஸ் டி கொன்சாலஸ் பகுதிக் குழந்தைகளோடு தீட்டிய ஓவியம் பத்தாண்டுக்கும் மேல் முந்தியது. அதன் ஆண்டை 1971 என்போரும் உண்டு, 1972 என்போரும் உண்டு. இரண்டில் எது சரியானாலும் அது வேலைவாய்ப்புச் சட்டத்துக்கும் முந்தியது, நிதியத்தின் 1974 விதிமாற்றத்துக்கும் முந்தியது. க்வானின் மூன்றாம் கட்டம் தொடங்குவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, குழந்தைகள் அந்த வேலியில் தூரிகை பிடித்திருந்தார்கள்.