பினாங்கு வானத்தில் ஒரு ‘வெள்ளைக் குள்ளன்’: எங்கே தேடுவது?

ஜனவரி மாதம், இரவு 10 மணி வாக்கில் பினாங்கில் அண்ணாந்து பாருங்கள். ஓரியன் கூட்டத்தின் காலடியில் ரிகெல் பளிச்சென்று தெரியும். கையை நீட்டி முஷ்டியை மடக்கி அளந்தால், அங்கிருந்து மேற்கே ஒன்றரை முஷ்டி தூரத்தில் ஒரு மங்கலான புள்ளி. அதுதான் 40 எரிடானி. நம்மிடமிருந்து சுமார் 16 ஒளியாண்டு தூரம்; நட்சத்திரக் கணக்கில் இது பக்கத்து வீடு மாதிரி.

கண்ணுக்குத் தெரிவது ஒரு நட்சத்திரம்தான். ஆனால் அதற்குத் துணை உண்டு என்பதை வில்லியம் ஹெர்ஷல் 1783-லேயே கண்டார். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல 400 மடங்கு தள்ளி, ஒரு வெள்ளைக் குள்ளனும் ஒரு சிவப்புக் குள்ளனும் ஜோடியாகச் சுற்றுகின்றன.

1910-இல் ஹார்வர்டில் அதன் நிறமாலையைப் பார்த்தவர்களுக்குக் குழப்பம். மங்கலான நட்சத்திரம் என்றால் சூடு குறைவாக இருக்கணும். இதுவோ வெள்ளைச் சூடு! சூடாக இருந்தும் வெளிச்சம் கம்மி என்றால், அளவில் அது மிகச் சிறியதாகத்தான் இருக்க முடியும். உண்மையும் அதுதான்: சூரியனின் நிறையில் பாதிக்கும் மேல், ஆனால் பூமியைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. அதில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் கிட்டத்தட்ட இரண்டு மைவி காரின் எடை!

எரிபொருள் தீர்ந்து, வெளிப்புறத்தை உதறிவிட்ட நட்சத்திரத்தின் மிச்சம் இது. நம் சூரியனுக்கும் ஒருநாள் இதே கதிதான்; அதற்கு இன்னும் பல நூறு கோடி ஆண்டுகள் இருப்பதால் பயப்பட வேண்டாம்.

இந்த மிச்சம் எவ்வளவு கனமாக இருக்கலாம்? 1930-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயது சந்திரசேகர், பயணத்திலேயே கணக்குப் போட்டார். சூரியனைப் போல சுமார் 1.4 மடங்குதான் எல்லை என்பது அந்தக் கணக்கு காட்டிய வழி. 1935-இல் எடிங்டன் அதைச் சபையிலேயே கேலி செய்தார். 1983-இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு.

துணை நெருக்கமாக இருந்தால், வெள்ளைக் குள்ளன் அதன் வாயுவை உறிஞ்சி அந்த எல்லையை நெருங்கி வெடித்துச் சிதறக்கூடும். 40 எரிடானியில் தூரம் அதிகம், அதனால் அந்த ஆபத்து இல்லை. யாரும் தொந்தரவு செய்யாததால், அது ஆறிவரும் வேகமே ஒரு கடிகாரம்போல வயதைக் கணிக்க உதவுகிறது.

கர்னி டிரைவ் விளக்கொளியில் நின்று தேடினால் எதுவும் கிடைக்காது. பாலிக் பூலாவ், பந்தாய் ஆச்சே பக்கம் போங்கள். நிலவில்லாத இரவாக இருக்கட்டும். முதல் நட்சத்திரத்துக்குக் கண் போதும். வெள்ளைக் குள்ளனைப் பார்க்க ஒரு சின்னத் தொலைநோக்கி வேணும்.