நாகூரிலிருந்து மலாக்காவுக்கு: முன்ஷி அப்துல்லாஹ்வின் வமிச வழி

வமிச வரலாற்றறிவை அரபு மொழியில் 'இல்முல் அன்ஸாப்' என்பர். உறவைப் பேணுவதற்கு வேண்டிய அளவு தம் பரம்பரையைக் கற்றுக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாகத் திர்மிதீயில் பதிவு உண்டு. அவ்வுறவைக் குறிக்கும் சொல் 'ரஹிம்' என்பதாகும். கருப்பை என்பதே அதன் நேர்ப்பொருள். ஆயினும் நம் கடற்கரை ஊர்களில் பேணப்பட்டுவரும் வமிசப் பட்டியல்கள் பலவற்றில் தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் என ஆண்களின் பெயர்களே அடுக்கப்பட்டிருக்கும். இக்குறையை மனத்திற்கொண்டு, ஒல்லாந்தர் காலத்தில் கடல் கடந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

மலாய் உரைநடையின் முன்னோடியாகப் போற்றப்படும் அப்துல்லாஹ் பின் அப்துல் காதிர் 1796இல் மலாக்காவில் பிறந்தவர். அவர் தம் வரலாற்றைத் தாமே எழுதி 1843இல் நிறைவு செய்தார். 'ஹிகாயத் அப்துல்லாஹ்' என்னும் அந்நூல் 1849இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்தது. தம் முன்னோரைப் பற்றிய செய்தியுடனேயே அவர் வரலாற்றைத் தொடங்குகிறார். முப்பாட்டனார் யமன் நாட்டு அரபியர். பெயர் ஷைகு அப்துல் காதிர். தொழில் மார்க்கக் கல்வியும் மொழியும் போதித்தல். ஊர் ஊராகப் போதித்து வந்தவர் நாகூரில் தங்கி, அங்கே மணம் புரிந்தார். நான்கு ஆண் மக்கள் பிறந்தனர். அவர்களுள் முஹம்மது இப்ராஹீம் என்பவர் மலாக்கா சென்று குடியேறினார். மற்ற மூவரும் சாவகத் தீவுகளின் பக்கம் சென்றனர்.

இதில் வியப்பேதும் இல்லை. மலாக்கா 1641 முதலும், நாகூரை அடுத்த நாகப்பட்டினம் 1658 முதலும் ஒல்லாந்தர் வசம் இருந்தன. அவர்கள் வருமுன்னரே அக்கடல்வழி நம்மவர்க்குப் பழகிய வழி. மலாக்காவின் கம்போங் கெலிங் பள்ளிவாசல் 1748இல் எழுந்தது. தலைமுறைகளைக் கணக்கிட்டால் முஹம்மது இப்ராஹீம் சென்ற காலமும் ஏறத்தாழ 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியே ஆகும்.

யமனிலிருந்து வந்தவரின் பெயர், நாடு, தொழில் அனைத்தும் நூலில் உள்ளன. நான்கு மக்களைப் பெற்ற நாகூர்ப் பெண்மணியோ 'மணம் புரிந்தார்' என்னும் வினைக்குள் அடங்கிப் போகிறார்.

அடுத்த தலைமுறையில் நிலை மாறுகிறது. முஹம்மது இப்ராஹீம் மலாக்காவில் மணந்த பெண்ணின் பெயரையும், அவர் தந்தையார் ஷைகு மீரா லெப்பை என்பதையும் அப்துல்லாஹ் குறிப்பிடுகிறார். ஜாவி எழுத்திலிருந்து 'பெரி ஆச்சி' என்று படிக்கப்படும் அப்பெயரைப் 'பெரியாச்சி' எனத் தமிழர் எவரும் எளிதில் இனங்கண்டுகொள்வர். மீரா லெப்பை என்பதும் நம் ஊர்ப் பெயரே. மார்க்கம் போதிப்பவரைக் குறிக்கும் இந்த 'லெப்பை'யே மலாய் மொழியில் 'லெபாய்' ஆகி, இன்றும் வழக்கிலுள்ளது.

பெரியாச்சி வெறும் இல்லத்தரசியல்லர். மலாக்காவின் கம்போங் பாலியில் அவர் ஓர் ஆசிரியை. ஆண்களும் பெண்களுமாக ஏறத்தாழ இருநூறு பிள்ளைகள் அவரிடம் குர்ஆனும் எழுத்தும் பயின்றதாகப் பேரர் எழுதுகிறார். நோயாளிக் குழந்தையாயிருந்த அப்துல்லாஹ் வளர்ந்ததும் அந்தச் சூழலிலேதான். யமனிலிருந்து வந்த ஆசிரியத் தொழில் பேரரை எட்டியது மகன் வழியாக மட்டுமன்று. லெப்பை வீட்டுப் பெண்ணின் வழியாகவும் எட்டியது என்பதே நம் துணிபு. அப்துல்லாஹ்வின் தாயார் ஸலாமாவின் முன்னோருள் ஒருவர் கெடாவிலிருந்து வந்து இஸ்லாத்தைத் தழுவிய இந்தியர் என்பதையும் சேர்த்து நோக்கினால், யமன் என்பது இம்மரத்தின் ஒரு வேர் மட்டுமே எனக் காணலாம்.

குர்ஆனை முடித்தபின் அப்துல்லாஹ்வைத் தந்தையார் தமிழாசிரியர் ஒருவரிடம் அனுப்பினார். இரண்டரை ஆண்டுகள் தமிழ் பயின்றார். மலாக்காவில் அக்காலத்தே கணக்கின் மொழி தமிழே. வசதியுள்ளோர் தம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது அந்நகரின் பழைய வழக்கம் என்றும் அவர் குறிப்பிடுகிறார். பிற்காலத்தில் 1835இல், தமிழ் நண்பர் ஒருவரின் துணையுடன் பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார். அதே கதைகளை இப்னுல் முகஃப்பஃ 8ஆம் நூற்றாண்டிலேயே 'கலீலா வ திம்னா' என அரபியில் தந்துவிட்டார். ஆயினும் அரபியரின் கொள்ளுப்பேரர் தேடிச் சென்றது தமிழ் நூலையே!

அவரை அறிந்த ஆங்கிலேயர் ஜே.டி. தாம்சன் 1874இல் அந்நூலின் பகுதிகளை மொழிபெயர்த்து வெளியிட்டார். தோற்றத்தில் அப்துல்லாஹ் தென்னாட்டுத் தமிழரே என்றும், மொழியாலும் பற்றாலும் மட்டுமே மலாயர் என்றும் அவர் எழுதியுள்ளார். மனிதரை இனவாரியாகக் கூறுபோடும் அக்காலத்து ஐரோப்பியர் வழக்கம் இது. நாம் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 'முன்ஷி' என்ற பட்டமோ மலாக்காக் கோட்டையில் அவரிடம் மலாய் பயின்ற இந்தியச் சிப்பாய்கள் வழங்கியது. 'இன்ஷா' என்னும் அரபு மூலத்தினின்று பிறந்து, பார்ஸியின் வழியே இந்தியா வந்த சொல் அது.

ஆண்வழியை மட்டும் எழுதுதல் அரபியர் மரபு என்று நம்மவர் சமாதானம் கூறுவதுண்டு. அது முற்றிலும் சரியன்று. அலீ (ரலி) அவர்களின் மகனார் முஹம்மதை, அன்னையாரின் குலத்தைக் கொண்டு 'இப்னுல் ஹனஃபிய்யா' என்றே வரலாறு அழைக்கிறது. இப்னு ஸஅத் தம் 'தபகாத்' நூலின் இறுதிப் பகுதியைப் பெண்களுக்கென்றே ஒதுக்கினார். குறை அரபியர் மரபில் மட்டும் இல்லை. பட்டியல் எழுதிய நம் கைகளிலும் உண்டு.

அப்துல்லாஹ் 1854இல் ஹஜ்ஜுக்குச் சென்று ஹிஜாஸ் மண்ணிலேயே காலமானார். அவர் மகனார் ஜொகூர் அரசில் உயர் பதவி வகித்து, தந்தையைப் போன்றே பயண நூலும் எழுதினார். அவர் பெயர் முஹம்மது இப்ராஹீம். நாகூரிலிருந்து கப்பலேறிய பாட்டனாரின் பெயரையே அப்துல்லாஹ் தம் மகனுக்குச் சூட்டியிருந்தார்.