"கோ கோ" மறைந்த ஏப்ரல் – லெஸ்லி சியுங்கும் அவரது இரசிகர்களும்

2003-ம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி நான் ஹாங்காங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சார்ஸ் நோய் பரவிக்கொண்டிருந்த நேரம். அலுவலகத்தில் எல்லோரும் முகமூடி அணிந்திருந்தோம். அன்று மதியம் நகரமே ஒரு பொய்யால் அலைக்கழிந்திருந்தது. ஒரு நாளிதழின் இணையப் பக்கத்தைப் போலவே போலிப் பக்கம் ஒன்றைச் செய்து, ஹாங்காங்கைத் தொற்று நோய்த் துறைமுகமாக அறிவிக்கப் போகிறார்கள் என்று பதினான்கு வயதுப் பையன் ஒருவன் புரளி கிளப்பிவிட்டான். மக்கள் அரிசி வாங்கக் கடைகளில் குவிந்தார்கள். அரசாங்கம் கைத்தொலைபேசிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி மறுக்க வேண்டியதாயிற்று.

மாலையில், "லெஸ்லி இறந்துவிட்டார்" என்று பக்கத்து மேசைப் பெண்மணி சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். "இன்றைக்கு இது இரண்டாவது புரளி" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. செய்தி உண்மை என்று தெரிய எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆனது. அந்தச் சிரிப்பை அவர் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. இந்தக் கட்டுரைக்கு அதுவே காரணம்.

லெஸ்லி சியுங்கைத் தமிழ் வாசகர்களில் சிலர் திரைப்பட விழாக்கள் வழியாக அறிந்திருக்கலாம். 1956 செப்டம்பர் 12 அன்று ஹாங்காங்கில் பிறந்தார். வீட்டில் பத்துப் பிள்ளைகள், இவர் கடைக்குட்டி. தந்தை பெயர்பெற்ற தையற்காரர். ஹாலிவுட் நடிகர்களுக்கும் உடை தைத்துக் கொடுத்தவர். லெஸ்லி 1977-ல் ஒரு பாட்டுப் போட்டியின் வழியாகப் பாடகரானார். 1980-களில் கான்டனீஸ் மெல்லிசையின் உச்சத்தில் இருந்தார். 1989-ல் பாட்டிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்து முப்பத்து மூன்று இரவுகள் விடைபெறும் கச்சேரி நடத்தினார். பிறகு கனடாவுக்குப் போய்ச் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து நடித்தார். வாங் கார்-வாயின் 'டேஸ் ஆஃப் பீயிங் வைல்ட்' (1990) படத்துக்காக ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகர் விருது பெற்றார்.

ஆனால் அவருடைய இரசிகர்களின் துக்கத்தைப் புரிந்துகொள்ள ஒரு படத்தைப் பார்த்தாக வேண்டும். சென் கைகே இயக்கிய 'ஃபேர்வெல் மை கான்குபைன்' (1993). கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்ற முதல் சீன மொழிப் படம். ஜேன் கேம்பியனின் 'தி பியானோ'வும் அவ்வாண்டு அவ்விருதைப் பகிர்ந்துகொண்டது. பீக்கிங் இசை நாடகக் குழு ஒன்றில் அடியும் உதையும் பட்டு வளரும் இரண்டு சிறுவர்களின் கதை. ஒருவன் ராஜபார்ட், மற்றவன் ஸ்திரீபார்ட். நம் பாய்ஸ் கம்பெனி நாடகங்களின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. தோற்றுப்போன சூ நாட்டு மன்னனுக்காகத் தன் உயிரை விடும் யூ என்ற ஆசைநாயகியின் வேடம் தியேயிக்கு. மேடைக்கும் வாழ்க்கைக்கும் இடையே கோடு அழிந்துபோன மனிதன் அவன். படத்தின் முடிவில், அதே நாடகத்தின் ஒத்திகையில், அதே வேடத்தில், தியேயி உண்மையாகவே உயிரை மாய்த்துக்கொள்கிறான்.

தியேயியாக நடித்தவர் லெஸ்லி. படம் வெளிவந்து பத்து ஆண்டுகள் கழித்து, நாற்பத்தாறு வயதில், அவரும் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

இப்படி நேரும்போது இரசிகனுக்கு இரண்டு துன்பங்கள். ஒன்று இழப்பு. மற்றது, படத்தை முன்போலப் பார்க்க முடியாமல் போவது. பத்திரிகைகள் உடனே முடிச்சுப் போட்டன. "தியேயியாகவே வாழ்ந்தார், தியேயியாகவே இறந்தார்" என்கிற தொனியில் எழுதினார்கள். கடைசியாக வெளிவந்த 'இன்னர் சென்சஸ்' (2002) பேய்ப் படம் என்பதால், அந்தப் பேய் அவரைப் பிடித்துக்கொண்டது என்று கூடப் பேச்சு எழுந்தது. இரசிகர்கள் இவற்றைக் கடுமையாக வெறுத்தார்கள். அவர் மனச்சோர்வு என்னும் நோய்க்குச் சிகிச்சை பெற்று வந்தவர் என்று குடும்பத்தினர் தெரிவித்தனர். "புற்றுநோயில் இறந்தவரைப் பார்த்து வேடம் கொன்றுவிட்டது என்பார்களா?" என்று என் அலுவலகத் தோழி ஒருமுறை கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது. அவர் மறைவுக்குப் பின் ஹாங்காங்கில் தற்கொலைகள் கூடியதை ஆய்வாளர்கள் பின்னர் புள்ளிவிவரங்களோடு எழுதினார்கள். சாவைக் காவியமாக்கி எழுதும் ஒவ்வொரு வரிக்கும் விலை உண்டு. காவியம் இல்லாமலேயே துக்கம் காக்க முடியும் என்பதை அந்த இரசிகர்களிடம்தான் கண்டேன்.

அவர்கள் லெஸ்லியைக் 'கோ கோ' என்று அழைப்பார்கள். கான்டனீஸில் அண்ணன் என்று பொருள். நடிகரை அண்ணன் என்று அழைப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே அந்தச் சொல் கொடி பிடிக்கவில்லை, ஓட்டுக் கேட்கவில்லை.

ஏப்ரல் 6 அன்று நடந்த ஹாங்காங் திரைப்பட விருது விழாவில் சிறந்த நடிகருக்கான பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. 'எ பெட்டர் டுமாரோ' (1986) படத்துக்காக அவர் பாடிய பாடலை மேடையில் நான்கு முன்னணிப் பாடகர்கள் சேர்ந்து பாடினார்கள். மறுநாள் நார்த் பாயின்டில் உள்ள இறுதிச் சடங்கு மண்டபத்தில் பொதுமக்கள் அஞ்சலி. கூட்டத்துக்குப் போகாதீர்கள் என்று மருத்துவர்கள் எச்சரித்துக்கொண்டிருந்த வாரம் அது. அந்தத் தொற்று ஹாங்காங்கில் 1,755 பேரைத் தாக்கி, 299 பேரைக் கொண்டுபோனது. அப்படியும் முகமூடி அணிந்து வரிசையில் நின்றார்கள். என் தோழியும் போனார். வீட்டுக்குச் சொல்லாமல் போனதாகப் பிறகு சொன்னார்.

நாளிதழ்களில் வந்த மரண அறிவிப்பில், வாழ்க்கைத் துணைக்குரிய இடத்தில் டாங் ஹொக்-டக் என்ற ஆணின் பெயர் இருந்தது. லெஸ்லியுடன் நெடுங்காலம் வாழ்ந்தவர். இரசிகர்கள் அவரைக் குடும்பத்தின் மூத்தவராகவே ஏற்றுக்கொண்டார்கள். 2003-ல், ஆசிய நகரம் ஒன்றில், இது சாதாரண விஷயமல்ல.

அதற்குப் பின் ஒவ்வோர் ஏப்ரல் முதல் தேதியும் சென்ட்ரல் பகுதியில் மாண்டரின் ஓரியன்டல் ஓட்டலுக்கு வெளியே நடைபாதையில் பூக்கள் சேரும். சீனா, ஜப்பான், கொரியாவிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். படங்கள், கடிதங்கள், மலர் வளையங்கள். சீனர்கள் மூதாதையர் கல்லறையைச் சுத்தம் செய்யும் சிங்மிங் நாள் ஏப்ரல் 4 அல்லது 5-ல் வருவதால், பலருக்கு இரண்டும் ஒரே பயணத்தில் அடங்கிவிடும். 2013-ல், பத்தாம் ஆண்டு நினைவாக, இரசிகர்கள் மடித்தனுப்பிய காகிதக் கொக்குகள் பத்தொன்பது லட்சத்துக்கும் மேல் சேர்ந்து காட்சிக்கு வைக்கப்பட்டன. 2020-ல் முகமூடிகள் திரும்பி வந்தன. நால்வருக்கு மேல் பொது இடத்தில் கூடத் தடை இருந்த ஏப்ரல் அது.

இரசிகர்களைச் சீனத்தில் 'ரோங் மி' என்பார்கள். அவர் பெயரின் கடைசி எழுத்திலிருந்து வந்த சொல். அவர் இறந்த பிறகு இரசிகர் ஆனவர்களுக்கும் தனிப்பெயர் உண்டு: 'ஹௌ ரோங் மி', பின்வந்த இரசிகர். இருபது வயதுப் பிள்ளைகள் தாங்கள் ஒருபோதும் நேரில் கண்டிராத மனிதருக்குப் பூக்கொண்டு வந்து நிற்கிறார்கள். மூத்தவர்கள் அவர்களுக்குக் கச்சேரிக் கதைகளைச் சொல்கிறார்கள். ஒரு குடும்பத்தில் பாட்டனைப் பற்றிப் பேசுவது போலத்தான்.

என் தோழி பத்து ஆண்டுகள் 'ஃபேர்வெல் மை கான்குபைன்' படத்தைப் பார்க்கவில்லை. பாடல்களைக் கேட்பார், மற்றப் படங்களைப் பார்ப்பார், இதை மட்டும் தொடமாட்டார். அந்தப் படத்துக்கு மூலமான லிலியன் லீயின் நாவலை நான் பின்னாளில் ஆங்கிலத்தில் படித்தேன். நாவலின் முடிவு வேறு. தியேயி சாவதில்லை. இரு நண்பர்களும் முதுமையில் ஹாங்காங்கில் சந்தித்து, பேசி, பிரிகிறார்கள். தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "தெரியும், பள்ளியில் படிக்கும்போதே வாசித்திருக்கிறேன்" என்றார். சற்று நேரம் கழித்து, "அதைத்தான் இப்போதும் எடுத்து எடுத்துப் படிக்கிறேன்" என்றார்.

2023-ல், இருபதாம் ஆண்டு நினைவு நாளன்று, நான் ஹாங்காங் போயிருந்தேன். அவருடன் அந்த நடைபாதையில் நின்றேன். அன்று சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துப் போனேன். கூட்டம் அதிகமாக இருந்தது. என் கையில் ஒரு பூங்கொத்தைக் கொடுத்து, "அந்தப் பக்கம் இடம் இருக்கிறது, வைத்துவிட்டு வாருங்கள்" என்றார். வைத்துவிட்டு வந்தேன்.

பார்க்காதவர்களுக்கு ஒரு குறிப்பு: முழுப் படம் 171 நிமிடங்கள். அமெரிக்காவில் முதலில் திரையிடப்பட்ட பிரதி வெட்டிக் குறைக்கப்பட்டது. முழு வடிவத்தைத் தேடிப் பாருங்கள். முடிந்தால் நாவலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.