மலை செய்த வேலை

பௌர்ணமிக்கு மறுநாள் விடியலில் செஞ்சி ஊருக்குள் நின்று மேற்கே பார்த்தால், நிலா கோட்டை மலைக்குப் பின்னால் இறங்குவது தெரியும். விளிம்பைத் தொட்டதிலிருந்து முழுவட்டமும் மறைய இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். அதே பாறை விளிம்பில் ஒரு நட்சத்திரம் இறங்கினால் பொட்டென்று அணைந்துவிடும். நட்சத்திரம் நம் கண்ணுக்கு வெறும் புள்ளி, நிலாவோ அரைப் பாகை அகலம், வித்தியாசம் அவ்வளவுதான். ஒரு பொருள் மறைய எடுக்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டால் அது வானில் எவ்வளவு அகலம் என்று சொல்லிவிடலாம். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரையில் நிற்கும் ரேடியோ தொலைநோக்கி இந்தக் கணக்கிலிருந்துதான் பிறந்தது. அங்கே மறைக்கும் மலையாக இருந்தது நிலாவே. மறைந்தவை, கருந்துளைகள் பீய்ச்சியடித்த தாரைகள்.

தாரை என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவே கோடிக்கணக்கான சூரியன்களின் எடை கொண்ட கருந்துளை இருக்கிறது. வாயு அதை நோக்கிச் சுழன்று விழுகிறது. விழுவதெல்லாம் உள்ளே போவதில்லை. ஒரு பங்கு, காந்தப்புலத்தில் சிக்கி, சுழலும் அச்சின் இரு முனைகளிலும் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் வெளியே சீறுகிறது. அந்தத் தாரையில் ஓடும் எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுற்றிப் போகும்போது ரேடியோ அலையை உதிர்க்கின்றன. சின்க்ரோட்ரான் கதிர்வீச்சு என்று இதற்குப் பெயர். பூமியில் இதை முதலில் கண்ணால் பார்த்தது 1947-இல், அமெரிக்காவில் ஒரு சின்க்ரோட்ரான் இயந்திரத்துக்குள். தாரை பல்லாயிரம் ஒளியாண்டு ஓடி, வெளிவாயுவில் முட்டி, இரண்டு பக்கமும் பலூன்போல் உப்பிக்கொள்கிறது. சிக்னஸ் ஏ என்ற ரேடியோ மூலம் இப்படி இரட்டையாக இருப்பதை 1953-இல் இங்கிலாந்தில் கண்டறிந்த இருவரில் ஒருவர் நம் நாட்டுக்காரர், மிருணாள் குமார் தாஸ்குப்தா. எதனால் இரட்டை என்பது அப்போது யாருக்கும் விளங்கவில்லை.

1962-இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் சிரில் ஹசார்டும் உடனிருந்தவர்களும் 3சி 273 என்ற மூலத்தை நிலா மறைக்கும் கணத்துக்காகக் காத்திருந்தார்கள். நிலா மறைத்தபோது, அலை இரண்டு இடங்களிலிருந்து வருவது தெரிந்தது. ஒன்று நட்சத்திரம்போல ஒரு புள்ளி. மற்றொன்று அந்தப் புள்ளியிலிருந்து நீளும் மெல்லிய கீற்றின் நுனி. அந்தக் கீற்றுதான் தாரை. மறு வருஷம் மார்ட்டன் ஷ்மிட், அந்தப் புள்ளி நட்சத்திரமே இல்லை, இருநூறு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது என்று காட்டினார். குவாசார் என்ற சொல் அதன்பின் வந்ததுதான்.

ஹசார்டும் ஷ்மிட்டும் இதைப் பற்றி எழுதிய கட்டுரைகளைப் படித்தவர்களில் கோவிந்த் ஸ்வரூப் ஒருவர். உத்தரப்பிரதேசத்தில் 1929-இல் பிறந்தவர். ஸ்டான்ஃபோர்டில் இருந்தவரை ஹோமி பாபா டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அழைத்துக்கொண்டார். ஒரே ஒரு மூலத்துக்கு நடந்ததை நூற்றுக்கணக்கில் செய்தால் என்ன என்பது ஸ்வரூப்பின் எண்ணம். 92 சென்டிமீட்டர் அலையில், ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்கு, அதாவது ஒரு விகலை, நுணுக்கத்தைச் சாதாரண முறையில் பார்க்க வேண்டுமானால், செஞ்சியிலிருந்து ஏறக்குறைய திருச்சி வரை அகலமான கிண்ணம் வேண்டும். நிலாவின் விளிம்பு இருந்தால் வேண்டாம். நிலா நட்சத்திரங்களின் நடுவே நொடிக்குச் சுமார் அரை விகலை நகர்கிறது. அலை குறைவதன் நெளிவுகளைப் பதிவு செய்தால் மூலத்தின் வடிவம் வந்துவிடும்.

ஆனால் நிலாவை மணிக்கணக்கில் தொடர வேண்டும். பெரிய கிண்ணத்தை இரண்டு திசையிலும் திருப்பும் இயந்திரத்துக்குப் பணம் கிடையாது. இங்கேதான் எனக்கு இந்தக் கதை பிடித்துப்போகிறது. கருவியின் நீளவாக்கு பூமியின் அச்சுக்கு இணையாக இருந்தால், ஒரே அச்சில் சுழற்றினாலே வானத்தைத் தொடரலாம். பூமத்திய ரேகையில் தரையில் படுக்கவைத்தால் போதும். தள்ளி வரவர, அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை சாய்க்க வேண்டும். சாய்க்க மேடை கட்டுவதா? வடக்கே ஏறும் ஒரு மலைச்சரிவு, தன் அட்சரேகை அளவுக்கே சாய்ந்திருந்தால்? அப்படியொரு சரிவைத் தேடினார்கள். நீலகிரியில், சுமார் 11 பாகை அட்சரேகையில், சுமார் 11 பாகை சரிவு கிடைத்தது.

செஞ்சிக்காரனுக்கு இது புது யோசனை அல்ல. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்ற மூன்று கோட்டை மலைகளையும் மதில் போட்டு இணைத்தவர்கள், பாறை செங்குத்தாக நின்ற இடத்தில் பாறையையே மதிலாக விட்டுவிட்டார்கள். (எங்கள் ஊர் 12 பாகைக்குச் சற்று மேல். ராஜகிரியின் செங்குத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் ஒத்துவராது.)

பாபா 1966 ஜனவரியில் விமான விபத்தில் இறந்தார். வேலை நிற்கவில்லை. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 24 வளைந்த இரும்புச் சட்டங்கள், அவற்றின்மேல் இழுத்துக் கட்டிய 1100 மெல்லிய எவர்சில்வர் கம்பிகள். தகடு எதற்கு? கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீள அலைக்குக் கம்பி இடைவெளி ஒரு பொருட்டில்லை. மலைக்காற்றும் ஊடே போய்விடும். குவியக் கோட்டில் 1056 இருமுனை ஆன்டெனாக்கள். வடக்கு தெற்காகப் பார்வையை நகர்த்துவது அவற்றின் மின் இணைப்புகளை மாற்றியே. கிழக்கு மேற்காக மட்டும் சட்டங்கள் சுழலும். ஒரு மூலத்தைத் தொடர்ந்து ஒன்பதரை மணி நேரம் பார்க்கலாம். வடிவமைப்பும் கட்டுமானமும் உள்நாட்டுக்காரர்களுடையவை. 1970-இல் கருவி கண் திறந்தது.

ஒரு குறை: நிலா தன் பாதையை விட்டு விலகாது. தாரைகளில் மிகப் பேர்போனது எம்87 என்ற விண்மீன் மண்டலத்தினுடையது. ஹீபர் கர்ட்டிஸ் 1918-லேயே ஒரு நேர்கீற்றாகப் பார்த்து எழுதி வைத்தது. அந்த மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் நிழற்படம் 2019-இல் வந்தபோது அதன் எடை 650 கோடி சூரியன் என்றார்கள். அதன்மேல் நிலா ஒருபோதும் வராது, ஆகவே முத்தொரையின் மறைப்புக் கணக்கில் அதற்கு இடமில்லை. பாதையில் அகப்பட்ட மங்கலான மூலங்கள்தான் பலன் தந்தன. மங்கலாக இருப்பவை, அதாவது பொதுவாகத் தொலைவில், பழைய காலத்தில் இருப்பவை, வானில் சிறியவையாகவும் இருந்தன. 1975-இல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் அதிலிருந்து, பிரபஞ்சம் முன்பு வேறு மாதிரி இருந்தது என்ற முடிவுக்கு வந்தார்கள். பிரபஞ்சம் எப்போதும் ஒரே மாதிரி என்ற கொள்கைக்கு அது இடி. தாரைகளே அந்தக் கணக்கில் அளவுகோல்.

நிலா மறைப்புக் காலம் முடிந்தபின் கருவிக்கு வேறு வேலை வந்தது. தொலைவிலுள்ள தாரைகளின் கச்சிதமான நடுப்புள்ளிகள், சூரியனிலிருந்து வீசும் காற்று குறுக்கே வரும்போது ரேடியோவில் கண்சிமிட்டுகின்றன. அந்தச் சிமிட்டலிலிருந்து சூரியக் காற்றின் வேகத்தை முத்தொரையில் அளக்கிறார்கள்.