கடலுக்கு இரும்பு ஊட்டிய கதை

லோஹா என்றால் இரும்பு. வடக்கே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த இந்திச் சொல்லைத் தாங்கி 2009-இல் நடந்த கடல் ஆய்வுதான் லோஹாஃபெக்ஸ். கோவாவில் தோனா பாவ்லாவில் இருக்கும் தேசியக் கடலியல் நிறுவனமும், ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனமும் சேர்ந்து நடத்தியது. வாஜி நக்வி, விக்டர் ஸ்மெட்டாசெக் இருவரும் தலைமை தாங்கினார்கள்.

பூமி சூடாவதைத் தணிக்க இயற்கையின் ஓட்டத்திலேயே மனிதன் கை வைப்பதைக் காலநிலைப் பொறியியல் என்கிறார்கள். கடலுக்கு இரும்பு கொடுப்பது அதில் ஒரு வழி. தென்முனைக் கடலில் மற்ற சத்துகள் ஏராளம், இரும்புதான் பற்றாக்குறை. சோகை பிடித்தவருக்கு டானிக் கொடுக்கிற மாதிரி இரும்பைக் கரைத்து ஊற்றினால், மிதக்கும் நுண்பாசிகள் செழித்துக் கரியமில வாயுவை இழுக்கும். செத்து மூழ்கும்போது கரியையும் ஆழத்துக்குக் கொண்டுபோகும். அரை டாங்கர் இரும்பு கொடுத்தால் பனியுகத்தையே வரவழைப்பேன் என்று 1988-இல் அமெரிக்க விஞ்ஞானி ஜான் மார்ட்டின் விளையாட்டாகச் சொன்னதும் இதை வைத்துத்தான்.

2009 ஜனவரியில் போலார்ஷ்டெர்ன் கப்பல் கேப் டவுனிலிருந்து புறப்பட்டது. சுற்றுச்சூழல் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. கப்பல் கடலில் இருக்கும்போதே ஜெர்மன் அரசு வேலையை நிறுத்தி வைத்து, நிபுணர்களின் கருத்தைக் கேட்டது. ஜனவரி 26, நம் குடியரசு நாளன்று, பச்சைக்கொடி கிடைத்தது.

சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்புக் கரைசலை விட்டார்கள். இரண்டு வாரத்தில் பாசி இரண்டு மடங்கானது. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. கோபிபாட் என்னும் குட்டி உயிரிகள் கூட்டமாக வந்து மேய்ந்துவிட்டன. கண்ணாடி ஓடு கட்டிக்கொண்டு தப்பிக்கும் டயாட்டம் என்ற பாசி வளரவேண்டிய சிலிக்கா அந்த நீரில் இல்லை. ஆழத்துக்குப் போன கரி மிகச் சொற்பம்.

ஆய்வு தோற்றதா? இல்லை. இரும்பைக் கொட்டிவிட்டுக் கரியமிலக் கணக்கை விற்றுக் காசு பார்க்கலாம் என்று நினைத்த கம்பெனிகள் அந்தக் காலத்தில் இருந்தன. காகிதக் கணக்குக்குக் கடல் கட்டுப்படாது என்று நேரில் போய்ப் பார்த்து, கிடைத்ததை மறைக்காமல் சொன்னார்களே, அதுதான் பெரிய லாபம்.

பொங்குகிற பாலில் தண்ணீர் தெளிக்கலாம்; கொஞ்ச நேரம் அடங்கும். அடுப்பைக் குறைப்பதுதான் வழி என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். புகையைக் குறைக்காமல் கடலிடம் போய் நிற்பதும் அப்படித்தான்.