வானூர்தியும் உழவாரப் படையும்

தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் இளமையில் பயின்ற கடலூர், சிதம்பரம் அன்பர்கள் கூடி வெளியிடும் இம்மலருக்கு, கிளைடர் சங்கங்களையும் அவற்றைத் தாங்கும் தொண்டர் பணியையும் பற்றி எழுதித் தருமாறு விழாக் குழுவினர் பணித்தார்கள். வாசிக்கப்போகிறவர்கள் பறந்து பழகியவர்கள். என்ஜின் இல்லாத ஊர்தி எப்படி எழும்புகிறது என்று உங்களுக்கு விளக்க வேண்டிய தேவை இல்லை. நம் பிரிவின் வரலாற்றையும் ஆசான்களின் பெருமையையும் இம்மலரிலேயே தகுதியுடையோர் எழுதுகிறார்கள். தமிழ் கற்றுத் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைத் தில்லைக் கூத்தன் திருவடியை நினைந்து எழுதுகிறேன்.

வெளியும் வளியும்

ஐம்பூதத் தலங்களில் நம்முடையது ஆகாயம். காளத்தி காற்று. காஞ்சியில் மண்ணும் ஆனைக்காவில் நீரும் அண்ணாமலையில் நெருப்பும் கண்ணுக்குத் தெரியும் பொருள்கள். இங்கே சிற்சபையில் திரை விலகினால் தெரிவது பொன் வில்வ மாலை தொங்கும் வெளி மட்டுமே. அந்த வெளியையே இறைவன் என்று கும்பிட்டு வளர்ந்த ஊரார் வானில் ஏறுவதைப் பற்றிப் பேசாமல் வேறு யார் பேசுவது? மாணிக்கவாசகர் திருவண்டப் பகுதியில் இறைவன் ஒவ்வொரு பூதத்துக்கும் அதனதன் இயல்பை வைத்த திறத்தை அடுக்கும்போது, காற்றுக்கு ஊக்கத்தை வைத்தவன் என்கிறார். கிளைடர் ஓட்டியவர்கள் அந்த இடத்தை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். காற்றில் ஊக்கம் இருக்கிறது. நாம் அதை உண்டாக்க வேண்டியதில்லை, கண்டுகொண்டால் போதும் என்பதுதானே உங்கள் கலையின் முதல் பாடம்?

வானையும் காற்றையும் நம் முன்னோர் எண்ணியதற்குப் புறநானூற்றில் மூன்று சான்றுகள் உள்ளன. 27ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு ஒரு செய்தி சொல்கிறார். புலவர் பாடும் புகழுடையோர், செய்ய வேண்டியவற்றைச் செய்து முடித்தபின், ஓட்டுபவன் செலுத்தத் தேவையில்லாத வானூர்தியை அடைவார்களாம். ஆளில்லா விமானம் அக்காலத்திலேயே இருந்தது என்று மேடையில் முழங்குவோர் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அது விண்ணுலகம் பற்றிய நம்பிக்கை. ஆனால் ஓட்டுபவனின்றி வானில் செல்லும் ஊர்தியைக் கற்பனையில் கண்டவர்கள் நம் முன்னோர் என்பதில் ஐயமில்லை. அந்த ஊர்தி தகுதியால் வருவது, பணத்தால் வருவதன்று என்று புலவர் வைத்த நிபந்தனைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதே புலவர் 30ஆம் பாட்டில் ஞாயிறு செல்லும் வழியையும் அதன் வேகத்தையும் காற்று இயங்கும் திசையையும், எந்தத் தாங்குதலும் இன்றி நிற்கும் வானத்தையும் நேரே போய் அளந்து வந்தவர்போல் சொல்ல வல்லவர்கள் இருந்தார்கள் என்கிறார். 66ஆம் பாட்டில் வெண்ணிக் குயத்தியார், கரிகாலனின் முன்னோன் ஒருவன் பெருங்கடலில் கலம் ஓட்டியபோது காற்றையே தன் ஏவலுக்கு வேலை செய்ய வைத்தான் என்கிறார். பாடியவர் குயவர் குலத்துப் பெண்பாற்புலவர் என்பதை நினைத்தால் உள்ளம் பூரிக்கிறது.

இந்த அறிவு ஏட்டோடு நின்றுவிடவில்லை. கடலூர் முதுநகரிலும் பரங்கிப்பேட்டையிலும் கிள்ளையிலும் விடியற்காலையில் படகு இறக்குவோர் முகத்தில் படும் காற்றை வைத்தே வாடையா, கொண்டலா, கச்சானா, சோழகமா என்று சொல்லிவிடுவார்கள். 1749இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்கு எதிரே ஆங்கிலேயர் கப்பல்களை நொறுக்கிய புயலும், 2011 டிசம்பர் இறுதியில் நம் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்த தானே புயலும் இதே கரையில்தான் அடித்தன. காற்றின் அருளையும் சினத்தையும் ஒருசேர அறிந்த மண் இது.

மயிற்பொறி

திருத்தக்கதேவர் சீவக சிந்தாமணியில் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறியை மறக்க இயலாது. கட்டியங்காரன் சூழ்ச்சியால் அரண்மனை முற்றுகையிடப்பட்டபோது, கருவுற்றிருந்த விசயை அதில் ஏறித் தப்புகிறாள். வலமாகத் திருகினால் எழும்பும், இடமாகத் திருகினால் இறங்கும். அரசி அதை ஓட்டுவதற்கு முன்பே பயிற்சி பெற்றிருந்தாள். இந்தத் தமிழ்க் காப்பியத்தில் பொறியேறிப் பறந்தவள் ஒரு பெண், அதுவும் முறைப்படி பயின்ற பெண். உ.வே.சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தபோது உலகில் எங்கும் என்ஜின் பொருத்திய விமானம் மனிதனை ஏற்றிப் பறந்திருக்கவில்லை. ஜெர்மனியில் ஓட்டோ லிலியென்தாலின் கிளைடர் பறப்புகளும் அதற்குச் சில ஆண்டுகள் பிந்தியவை. அவர் ஏறத்தாழ 2,000 முறை பறந்து, 1896இல் விழுந்து உயிர் நீத்தார்.

பருந்து கற்பித்த பாடம்

குடமுழுக்கின்போது கலசத்துக்கு மேலே கருடன் வட்டமிட்டால்தான் நமக்கு மனம் நிறையும். கூட்டமே கைகூப்பி அண்ணாந்து பார்க்கும். அது இறைவன் அருட்குறி என்பதில் எனக்கு மாறுபாடில்லை. அந்தக் கருடன் சிறகு அசைக்காமல் எப்படி மேலே போகிறது என்று கேட்பதும் பக்திக்கு விரோதமில்லை. முற்பகல் வெயிலில் தரை காய்ந்து, சூடான காற்று தூணாக எழுகிறது. அந்தத் தூணுக்குள் இருந்தபடியே பறவை சுற்றிச் சுற்றி ஏறுகிறது. 'தெர்மல் கிடைத்தது' என்று நீங்கள் மகிழ்வது இதைத்தான்.

இந்தப் பாடத்தை உலகுக்கு முதலில் விரிவாக எழுதிக் காட்டிய ஆராய்ச்சிகளுள் ஒன்று நம் நாட்டுப் பறவைகளைப் பார்த்தே எழுதப்பட்டது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? எர்னஸ்ட் ஹன்பரி ஹான்கின் என்ற ஆங்கிலேயர் ஆக்ராவில் அரசுப் பணியில் இருந்தார். கங்கை, யமுனை நீருக்குக் காலரா கிருமியை அழிக்கும் ஆற்றல் உண்டு என்று 1896இல் எழுதியவர் இவரே. அவர் பருந்துகளையும் கழுகுகளையும் நாள்தோறும் கவனித்து, காலையில் எந்தப் பறவை எந்த வேளையில் வட்டமிடத் தொடங்குகிறது என்று குறித்துவைத்தார். எடை குறைந்த பருந்து முதலில் எழும்பும். கனத்த கழுகு வெயில் ஏறியபின்தான் எழும்பும். இவற்றையெல்லாம் 1913இல் நூலாக்கினார். பருவமழை ஆராய்ச்சியால் புகழ்பெற்ற கில்பர்ட் வாக்கர், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைவராக இருந்தவர், அவரும் சிறகடிக்காமல் பறக்கும் வெப்பநாட்டுப் பறவைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். சம்பாதியும் சடாயுவும் கதிரவனை நோக்கிப் பறந்த கதையைப் புள்ளிருக்குவேளூர்க் குளக்கரையில் கேட்டு வளர்ந்த நாம், ஹான்கினின் நூலைப் பள்ளிப் பாடத்தில் சேர்க்காமல் விட்டது குறையே.

விண்மீன் பெயர் கொண்ட ஊர்திகள்

முதல் உலகப் போருக்குப்பின் வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியின் விமானத் தொழிலைக் கட்டிப்போட்டது. இளைஞர்கள் என்ஜின் இல்லாத ஊர்திக்குத் திரும்பினார்கள். 1920இல் வாசர்குப்பே குன்றின்மேல் முதல் போட்டி நடந்தது. ரப்பர்க் கயிற்றை இரு பக்கமும் ஆட்கள் இழுத்துக்கொண்டு சரிவில் ஓட, நடுவே ஒருவன் பறந்தான். ஒருவன் பறக்க எட்டுப் பேர் ஓடிய அந்த ஏற்பாட்டிலிருந்துதான் கிளைடர் சங்கம் என்ற அமைப்பே வளர்ந்தது. இன்றும் அந்நாட்டுச் சங்கங்களில் உறுப்பினர் சந்தா கட்டினால் மட்டும் போதாது. குளிர்காலத்தில் பட்டறைக்கு வந்து இத்தனை மணி நேரம் கைவேலை செய்ய வேண்டும் என்ற விதி உண்டு.

நம் நாட்டில் விடுதலைக்குப்பின் புனே ஹடப்சரில் நடுவண் அரசின் கிளைடிங் மையம் அமைந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யிலும் நாசிக் அருகே தேவ்லாலியிலும் கிளைடர்கள் பறந்தன. ஊர்திகளை வெளிநாட்டில் வாங்கிக் கட்டுப்படியாகாது என்று விமானப் போக்குவரத்துத் துறையின் தொழில்நுட்ப மையமே வடிவமைக்கத் தொடங்கியது. எஸ்.இராமாமிர்தம் வடிவமைத்த அசுவினி 1958இல் பறந்தது. அவருடைய ரோகிணி, அருகருகே இருவர் அமரும் பயிற்சிக் கிளைடர், 1961இல் பறந்து, பின் நூற்றுக்கு மேல் கட்டப்பட்டது. கே.பி.கணேசன் வடிவமைத்த கார்த்திக் 1963இல் வந்தது. 1970இல் மிருகசீர். நம் காதுக்குப் பழகிய பெயர்களை உடைய பொறியாளர்கள், பஞ்சாங்கத்தில் நாம் தினமும் பார்க்கும் நட்சத்திரங்களின் பெயரை மரத்துக்கும் துணிக்கும் இட்டார்கள். அந்த வரிசையில் எழுபதுகளின் பிற்பகுதியில் வந்த பயிற்சிக் கிளைடருக்கு ஆர்த்ரா என்று பெயர்.

ஆர்த்ரா என்றால் திருவாதிரை. மார்கழித் திருவாதிரையில் ஆடல்வல்லானின் அருட்காட்சிக்கு நாடே திரண்டு வரும் ஊரில் இருந்துகொண்டு இதை எழுதும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது. பெயரிட்டவர் மனத்தில் நட்சத்திர வரிசை மட்டுமே இருந்திருக்கலாம். இருந்தாலும் நடராசப் பெருமானின் நாள்மீன் பெயரைத் தாங்கிய ஊர்தியில் பாரத இளைஞர்கள் பலர் வெளியை முதன்முதலில் தொட்டார்கள் என்பது தில்லைவாசிகள் நெஞ்சில் எழுதிவைக்க வேண்டிய செய்தி.

தரையில் நிற்பவர்கள்

மரக் கிளைடரின் சிறகு நுனியை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடுவார். ஆயிரம் மீட்டர் தள்ளி வின்ச்சில் ஒருவர் அமர்ந்திருப்பார். இடையே சைகை காட்டுபவர் ஒருவர். கேபிள் விறைத்ததும் ஊர்தி, பட்டம்போல் விர்ரென்று எழுந்து முந்நூறு மீட்டரில் கம்பியை விட்டுவிடும். விழுந்த கம்பியை வண்டியில் கட்டித் திரும்ப இழுத்துவர ஒருவர், லாக் புக்கில் நேரம் குறிக்க ஒருவர், அருகில் அமர்ந்து சொல்லிக்கொடுக்க ஆசான். ஆக, ஒரு மாணவர் ஐந்து நிமிடம் பறக்க ஆறு பேராவது வேலை செய்ய வேண்டும். காலை முதல் மாலை வரை வெயிலில் நின்றால் தன் முறை இரண்டோ மூன்றோ வரும். மற்ற நேரமெல்லாம் பிறர் பறப்பதற்கான உழைப்பு.

அதற்கும் முன்பே விடிகாலையில் டி.ஐ. என்ற அன்றாடச் சோதனை. 'டி.ஐ. ஆச்சா?' என்று கேட்காமல் ஹேங்கரிலிருந்து ஊர்தி நகராது. சிறகை உடலோடு பூட்டும் ஊசிகளுக்குப் பாதுகாப்பு வளையம் மாட்டியிருக்கிறதா? உள்ளே ஒருவர் குச்சியை அசைக்க, வெளியே ஒருவர் மடக்குச் சிறகைக் கையால் பிடித்து எதிர்விசை கொடுத்துப் பார்ப்பார். மஞ்சள் குமிழை இழுத்தால் கொக்கி உடனே விடுகிறதா? வேகமானிக்குக் காற்று போகும் குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா? இந்தக் கடைசி ஐயம் நம் நாட்டில் எப்போதும் உண்டு. விரைவாகக் கட்டிவிடும். அதைக் காணத் தவறியவர் மேலே போனபின் வேகம் தெரியாமல் தவிப்பார். மழைக்காலத்தில் ஈரம் பசையைத் தின்னும், கறையான் மரத்தைத் தின்னும், உப்புக்காற்று கேபிளைத் தின்னும். துணி கிழிந்தால் ஊசிநூலால் தைத்து, டோப் பூசி, காயவைத்து மீண்டும் பூச வேண்டும்.

இவற்றை எவரும் பாராட்டுவதில்லை. பறந்தவன் படம்தான் மலரில் வரும். சேக்கிழார் பெருமானோ அப்படிப் பார்க்கவில்லை. தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில் இருந்து அவர் பாடிய திருத்தொண்டர் புராணத்தில் திலகவதியார் செய்தவை என்ன? திருவதிகைத் திருக்கோயிலில் விடியுமுன் எழுந்து துடைப்பம் எடுத்தார், சாணம் மெழுகினார், பூக் கட்டினார். அவர் தம்பி நாவுக்கரசர், திருவாமூரில் பிறந்து, கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டும் நம் திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் ஏறியவர், கையில் ஏந்தியது உழவாரப் படை. பாட்டில் அவருக்கு நிகர் யார்? அப்படிப்பட்டவர் ஊர் ஊராகச் சென்று புல் செதுக்கினார். நாவால் பாடியது பெரிது, கையால் செதுக்கியது சிறிது என்று அவர் எண்ணவில்லை. தொண்டர்கள் நடத்தும் கிளைடர் சங்கத்தின் இலக்கணத்தை இதைவிடத் தெளிவாக எவரும் எழுதவில்லை என்பது என் துணிபு. ஒரு சங்கம் நலிந்தால் முதலில் பணம் தீர்ந்தது என்பார்கள். உண்மையில் முதலில் தீர்வது கம்பிக்கு எண்ணெய் போட வரும் ஆள். பறப்பதற்கு மட்டும் வருவோர் மிகுந்து, கம்பி இழுக்க வருவோர் குறைந்த நாளிலேயே சங்கம் முடிந்துவிடுகிறது.

இளையோர்க்கு

கடலூர்க் கரையில் நண்பகலானால் கடற்காற்று உள்ளே புகுந்து தரையின் சூட்டைத் தணித்துவிடும், தெர்மல் நிலைக்காது. உளுந்தூர்ப்பேட்டை, விருத்தாசலம் பக்கம் உள்நாட்டு நிலமே ஏற்றது. உளுந்தூர்ப்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் இருக்கிறது, நெய்வேலியில் விமானத்தளம் இருக்கிறது. இங்கே ஒரு தொண்டர் சங்கம் எழும் நாள் வரவேண்டும் என்பது என் வேண்டுதல். அதற்கு அரசின் ஒப்புதலும் ஊர்தியும் ஆசானும் வேண்டும். அவை வர நாளாகும். கை பழகுவதற்கு நாளாக வேண்டியதில்லை.

ஆகவே விழாக் குழுவினரை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இம்மலர் விற்று மிஞ்சும் தொகையைப் பாராட்டு விழாவுக்குச் செலவிட வேண்டாம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பட்டறையைத் திறந்து, மரம் இழைக்கவும் துணி தைக்கவும் கம்பி பின்னவும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். ஹேங்கர் வேலை தெரிந்த மூத்தவர்கள் உங்களில் இன்னும் பலர் இருக்கிறீர்கள். முதல் ஞாயிறு வகுப்பை வரும் தை மாதமே தொடங்குங்கள், பெண் பிள்ளைகளை முன்வரிசையில் அமரச் செய்யுங்கள்.