கரும்பின் செல்லுக்குள் பார்த்தவர்: ஜானகி அம்மாள்

ஆண்டிமடத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் பிளஸ் டூ படிக்கும் தங்கை ஒருத்தி கேட்டாள்: "செல்லை ஆராய்ச்சி பண்ணி பேராசிரியர் ஆன பொம்பளை யாராவது இருக்காங்களாக்கா?" அவள் வீட்டில் கரும்பு வெட்டப் போகிறவர்கள். எனவே ஜானகி அம்மாளைப் பற்றிச் சொன்னோம்.

1897இல் தலச்சேரியில் தீயர் குடும்பத்தில் பிறந்தவர். தீயரைத் தீட்டென்று எட்ட நிறுத்திய மலபார் அது. தீயர்களும் தமக்குக் கீழே புலையரை எட்ட நிறுத்தினார்கள். அதை நாம் மறைக்கக் கூடாது. அவர் தலித் அல்ல. அப்பா நீதிபதி. வீட்டில் புத்தகங்கள் இருந்தன. சென்னையில் படித்து, அங்கேயே பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் போய் 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார். திரும்பி வந்து திருவனந்தபுரத்தில் தாவரவியல் பேராசிரியரானார்.

1934இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். கரும்பையும் நாணல் போன்ற அதன் காட்டு உறவுகளையும் நுண்ணோக்கியில் வைத்து, செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களை எண்ணினார். கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து பார்த்தார். ஆனால் சாதியும், தனித்து வாழும் பெண் என்பதும் அங்கே அவருக்குத் தடையாக இருந்ததை அவர் வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

1939இல் மாநாட்டுக்காக பிரிட்டன் போனவர், உலகப் போர் மூண்டதால் அங்கேயே தங்கினார். டார்லிங்டனோடு சேர்ந்து அவர் எழுதிய பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு 1945இல் வெளிவந்தது. 1951இல் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்க நேரு அழைத்தார். 1977இல் பத்மஸ்ரீ. 1984இல் இறக்கும்வரை சென்னை மதுரவாயலில் ஆராய்ச்சி செய்தார்.

தோழர்களே, இதைத் தனிமனிதச் சாதனையாக மட்டும் படிக்க வேண்டாம். நீதிபதியின் மகளையே, வெளிநாட்டுப் பட்டத்தோடு வந்த பிறகும், ஆய்வகத்துக்குள் சாதி விடவில்லை. அப்படியானால் கரும்பு வெட்டுகிறவர் மகளுக்கு? ஜானகி அம்மாளைக் கடல் கடக்க வைத்தது திறமை மட்டுமல்ல, ஓர் உதவித்தொகையும்தான். அது பிச்சை அல்ல, உரிமை. உதவித்தொகை காலத்தோடு வர வேண்டும், விடுதியில் இடம் வேண்டும், பள்ளி நுண்ணோக்கி அலமாரியில் பூட்டிக் கிடக்கக் கூடாது என்று கேட்பதும் அறிவியலுக்கான போராட்டமே.

அந்தத் தங்கை இப்போது உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறாள். சாதிச் சான்றிதழுக்காக நாளை அவளோடு தாலுகா ஆபீஸ் போகிறோம்.